மேற்கே போனவன்

குற்றாலத்தில் டாசன் துரையின் பங்களாவில் ரைட்டராக இருந்த நம்பிராஜனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது தென்காசி வரைக்கும் தெரிந்த சங்கதி. தெரியாதவர்களுக்கு அவனே தெரியப்படுத்திவிடுவான். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு வரை போய், கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு ஊர் திரும்பியவன். யார் வீட்டுக்காவது தந்தி வந்தால் அவனிடம்தான் ஓடி வருவார்கள். அவன் உடனே படித்துவிடமாட்டான். உள்ளே போய்க் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வருவான். தொண்டையைச் செருமிக்கொள்வான். முதலில் இங்கிலீஷில் ஒருமுறை உரக்க வாசிப்பான். பிறந்ததா செத்ததா என்று புரியாமல் வந்தவன் முகம் வெளிறி நிற்கும்போது, அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் தமிழில் சொல்வான்.

டாசன் துரைக்குத் தேனருவிக்கு மேலே கிராம்புத் தோட்டம் இருந்தது. ஜெர்மன் சண்டையில் குண்டு பட்டு வந்தவர். ஒரு கால் சற்று இழுக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதி வார்த்தை மீசைக்குள்ளேயே தங்கிவிடும். அதை வெளியே எடுத்துத் தமிழாக்கிக் கூலியாட்களுக்குச் சொல்வதுதான் நம்பிராஜனின் உத்தியோகம்.

அந்த வருஷம் சாரல் முன்னதாகவே பிடித்துக்கொண்டது. துரை லீவில் சீமைக்குப் புறப்பட இருந்தார். தூத்துக்குடி போய்க் கொழும்புக் கப்பல் பிடிக்கவேண்டும். போவதற்கு முன் கடைசியாக ஒரு வேட்டை என்று இலஞ்சிக்காரன் சங்கரபாண்டியை மட்டும் கூட்டிக்கொண்டு மலையேறினார். மிளா மான் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதைப் புல் மடிந்திருப்பதை வைத்தே சொல்லக்கூடியவன் சங்கரபாண்டி. அவன் இல்லாமல் துரை காட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்.

மலை மேல் அடைமழை கொட்டியது. துரை தனியாக இறங்கி வந்தார். துப்பாக்கி இல்லை, தொப்பி இல்லை. உடம்பெல்லாம் சேறு. பங்களா வாசலில் தூத்துக்குடிக்குப் போகப் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

"சங்கரபாண்டி எங்கே, சார்?" என்று நம்பிராஜன் கேட்டான்.

துரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு, "ஹி ஹாஸ் கான் வெஸ்ட், நம்பி," என்றார். அவன் பெண்டாட்டியிடம் போய்ச் சொல்லிவிடு என்றார். நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று இரண்டு தரம் சொன்னார். சட்டைப் பைக்குள்ளிருந்து பித்தளை வெற்றிலைப்பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். சங்கரபாண்டியின் இடுப்பில் எப்போதும் இருப்பது அது. அப்புறம் ஈரத்தை மாற்றிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். காட்டில் ஒரு கூலியாளுக்கு என்ன ஆயிற்று என்பதை அந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் எழுதி வைக்கவேண்டியிருக்கவில்லை.

சமையல்காரர் பிச்சைமணி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரை என்னவே சொல்லிட்டுப் போறாரு?"

"சங்கரபாண்டி மேக்க போயிட்டானாம். பொண்டாட்டிட்ட சொல்லணுமாம்."

"மேக்கன்னா எங்க?"

"மலைக்கு அந்தப் பக்கம்தாம்வே. ஆரியங்காவு, புனலூரு. ஓடிப்போயிட்டான்."

"ஓடிப்போனவனுக்காக வேண்டித் துரை ஏம்வே கண்ணைத் தொடைக்காரு?"

"அது காய்ச்சக் கண்ணு. உமக்கு உப்பு தெரியும், புளி தெரியும். இங்கிலீஷ் தெரியுமா?"

பிச்சைமணி அடுப்படிக்குத் திரும்பிப் போனார்.

மறுநாள் காலையில் நம்பிராஜன் கோட்டை மாட்டிக்கொண்டு இலஞ்சிக்குப் போனான். சங்கரபாண்டியின் பெண்டாட்டி முருகம்மாள் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்தாள். தெருவில் ஆட்கள் கூடினார்கள். சங்கரபாண்டியின் அண்ணன் நல்லகண்ணுவும் வந்து நின்றான். கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தவன்போல நம்பிராஜன் அப்போதுதான் தொண்டையைச் செருமினான்.

"முருகம்மா, துரை ஒனக்கு ஒரு சேதி சொல்லிவிட்டிருக்காரு. ஹி ஹாஸ் கான் வெஸ்ட்!"

அவள் உதடு காய்ந்துபோயிற்று. "அப்படின்னா என்ன, அண்ணாச்சி?"

கொஞ்ச நேரம் அவளை அப்படியே நிற்கவிட்டான். "ஒம் புருசன் மேக்க போயிட்டான்."

"உசிரோட இருக்காகல்லா?"

"செத்தவன் எங்கனயாவது நடந்து போவானா? உசிரோடதான் மேக்க போயிருக்கான்."

கூட்டம் சிரித்தது. முருகம்மாளும் சிரித்தாள், நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெற்றிலைப்பெட்டியை அவள் கையில் கொடுத்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது.

"இதை விட்டுட்டா போனாக? வெத்தல போடாம அவுக ஒரு நாழிகை இருக்கமாட்டாகளே."

"மலையாளத்துக்காரி புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்திருப்பா," என்றான் நல்லகண்ணு. இந்தத் தடவை கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. நம்பிராஜனும் சேர்ந்து சிரித்தான். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் சாயங்காலத்துக்குள் அந்த மலையாளத்துக்காரிக்கு நிறமும் உயரமும் வந்துவிட்டன. குளத்தங்கரையில் அவள் தலைமுடி முழங்கால்வரை தொங்குகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

முருகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. மலடியோடு எத்தனை நாள்தான் ஒருத்தன் இருப்பான் என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். நல்லகண்ணுவுக்கும் தம்பிக்கும் பொதுவில் கொஞ்சம் வயல் இருந்தது. தம்பி செத்திருந்தால் பெண்டாட்டிக்குக் கஞ்சி ஊற்றவேண்டிய கடமை அண்ணனுக்கு உண்டு. ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. "அவனைப் போயிக் கூட்டிட்டு வா. இல்ல, அச்சன்புதூருக்கு ஒங்கப்பன் வீட்டுக்குப் போ. இங்கன ஒனக்கு என்ன சோலி?" என்று அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தான்.

அவள் அப்பன் வீட்டுக்குப் போகவில்லை. பங்களாவின் பின்வாசலுக்கு வந்து நம்பிராஜனைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, துரை சொன்னதை அப்படியே எனக்குச் சொல்லிக் குடுங்க. போற எடத்துல படிச்சவுகட்ட கேக்கணும்."

நம்பிராஜனுக்கு அது பெருமையாக இருந்தது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, வெளுக்காத சேலையில் மண்தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தான். அவளுக்கு நாக்கு புரளவில்லை. "காங் வஸ்ட்" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிச்சைமணியைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னான். அவள் கூச்சப்படாமல் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லிச் சரியாக்கிக்கொண்டாள். போகும்போது அவள் வாய் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

செங்கோட்டையில் ரயிலேறி மலையைக் குடைந்த சுரங்கத்தைத் தாண்டி மேற்கே போனாள். ஆரியங்காவில் இறங்கித் தேடினாள், தென்மலையில் தேடினாள், புனலூரில் மரக்கிடங்கு மரக்கிடங்காக ஏறி இறங்கினாள். கோட்டுப் போட்டவர்களையும் ஸ்டேஷன் மாஸ்டர்களையும் கண்டால் நிறுத்தி, எங்க வீட்டாள் கான் வெஸ்ட் என்று சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அவர்களும் மேற்கே போயிருக்கிறான் அம்மா என்றுதான் சொன்னார்கள். திரும்பி வருவாள். கூலி வேலை செய்து வாய்க்கும் வழிக்கும் சேர்த்துக்கொண்டு மறுபடி போவாள். ஊர் எதைச் சொன்னாலும் தலையில் பூவும் நெற்றியில் குங்குமமும் இல்லாமல் அவள் தெருவில் இறங்கினதில்லை.

அடுத்த சாரலுக்குத் துரைக்குப் பதிலாள் ஒருவர் வந்திருந்தார். மீசை அரும்பாத சின்னத் துரை. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, சுவரில் மாட்டியிருந்த டாசன் துரையின் பட்டாளத்துப் படத்தைப் பார்த்தார். ஒவ்வொரு தலையாக விரல் வைத்து, இவரை எனக்குத் தெரியும், இவர் என் சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு வந்தவர், சித்தப்பாவின் முகத்தில் விரலை நிறுத்தி, "கான் வெஸ்ட்," என்றார். அடுத்தவரைக் காட்டி, "ஹி டூ. கான் வெஸ்ட்."

பேச்சில் கலந்துகொள்ளவேண்டும் என்று நம்பிராஜனுக்கு ஆசை. "அவர்களெல்லாம் திருவிதாங்கூர்ப் பக்கமா இருக்கிறார்கள், சார்? எந்த எஸ்டேட்?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

சின்னத் துரை முதலில் விழித்தார். அப்புறம் டீ மடியில் சிந்தும்படி சிரித்தார். "செத்துப் போனார்கள், அட மண்டு! பட்டாளத்தில் யாரும் செத்தான் என்று வாயால் சொல்லமாட்டார்கள். சூரியன் மேற்கே போய் மறைகிற மாதிரி போய்விட்டான் என்று சொல்வார்கள். எல்லா வெள்ளைக்காரனுக்கும் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு யார் சொன்னார்கள் இதை?" என்று கேட்டார்.

"பேப்பரில் பார்த்தேன், சார்," என்றான் நம்பிராஜன்.

ஆபீஸ் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். அவனுக்கு முதலில் வந்தது சங்கரபாண்டியின் நினைப்பு அல்ல. இலஞ்சித் தெருவில் கோட்டோடு நின்ற தன் உருவம்தான் வந்தது. செத்தவன் எங்கனயாவது நடந்து போவானா என்று கேட்டோமே என்று காது மடல் சுட்டது. இது தெரிந்தால் பிச்சைமணி என்ன சொல்வார், தந்தி கொண்டுவருகிறவர்கள் இனி யாரிடம் போவார்கள் என்று அடுத்தடுத்து எண்ணம் ஓடிற்று. முருகம்மாளின் பூவும் பொட்டும் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வந்தன.

ஆனாலும் அவன் அன்று சாயங்காலமே இலஞ்சிக்குப் போனான். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனான். கோட்டுப் போட்டுக்கொள்ளவில்லை.

குமாரன் கோயிலிலிருந்து முருகம்மாள் வந்துகொண்டிருந்தாள். மெலிந்து குச்சியாகியிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவளே ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, ஒங்களைத்தான் பாக்க வரணும்னு இருந்தேன். புனலூருல ஒரு மரக்கிடங்குல அவுக மாதிரியே ஒருத்தரு வேலை செய்யுதாராம். இடுப்புல துண்டு கட்டுத கட்டுகூட அப்படியேதானாம். நான் போறதுக்குள்ள மரத்தடி ஏத்திக்கிட்டுக் கொல்லம் போயிட்டாராம்."

"அப்படியா?" என்றான் நம்பிராஜன்.

"அங்கன ஒரு போஸ்ட் மாஸ்டரு, இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, ஒனக்குச் சொன்னவருட்டயே இன்னொரு தடவை கேளுன்னாரு." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்கு ராப்பகலா அதே நெனப்பு. வெத்தலப்பெட்டியைப் பாக்கும்போதெல்லாம் இதை விட்டுட்டு எப்படிப் போனாகன்னுதான் தோணுது. ஒங்களுக்குத்தான் தெரியும். துரை சொன்னதுக்கு வேற அர்த்தம் ஏதும் உண்டா? எதுனாலும் சொல்லுங்க, தாங்கிக்கிடுதேன். நெசம் தெரிஞ்சாப் போதும்."

தெருவில் நல்லகண்ணு நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எல்லார் முன்னாலும் போன வருஷம் சொன்னது தப்பு என்று இப்போது சொல்லவேண்டும். நம்பிராஜன் வாயைத் திறந்தான்.

"மேக்குன்னா மேக்குதான். போஸ்ட் மாஸ்டரு என்ன, எனக்கு மேல இங்கிலீஷ் படிச்சவனா?"

அவள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அது போதும், அண்ணாச்சி," என்றாள். அந்த வாரமே பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு புனலூருக்குப் போய்விட்டாள். இனி புருஷனைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டுதான் இலஞ்சியில் கால் வைப்பேன் என்று நல்லகண்ணுவின் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாளாம். நல்லகண்ணு அவள் குடியிருந்த அறையில் மாட்டைக் கட்டினான்.

சாரல் முடிந்து காற்று மாறின பிறகு டாசன் துரை திரும்பி வந்தார். தலை நரைத்திருந்தது. வந்து இறங்கியதும் நம்பிராஜனை உட்காரச் சொன்னார். அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. அந்த வேட்டையன்று ஆற்றைக் கடக்கும்போது காட்டு வெள்ளம் வந்ததாம். இழுக்கிற காலோடு அவரால் நிற்க முடியவில்லை. சங்கரபாண்டி தன் தோளைக் கொடுத்து அவரைப் பாறைமேல் தள்ளி ஏற்றினான். தான் ஏறும்போது வெள்ளத்தில் விழுந்துவிடாமல் இருக்க வெற்றிலைப்பெட்டியை இடுப்பிலிருந்து எடுத்து முதலில் அவர் கையில் கொடுத்தானாம். அவர் திரும்பிக் கை நீட்டியபோது அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

"அவன் விதவை எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். "அடிவாரத்தில் இருக்கும் ஓட்டு வீட்டை அவளுக்குக் கொடுக்கலாம் என்று கப்பலில் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்தேன். கூட்டிக்கொண்டு வா."

அவள் வந்தால் துரை பேசுவார். பூவோடும் பொட்டோடும் நிற்பவளைப் பார்த்து, இவளிடம் நீ சொல்லவில்லையா என்று கேட்பார். அந்த நொடியில் அவனுக்கு அந்த வார்த்தைதான் கை கொடுத்தது.

"ஷி ஆல்ஸோ கான் வெஸ்ட், சார்."

பொய் ஒன்றுமில்லையே என்று அவன் மனது சொல்லிக்கொண்டது. துரை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவளைப் பற்றி அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஓட்டு வீடு கொஞ்ச நாள் பூட்டிக் கிடந்தது. பிறகு, ரைட்டருக்கு வீடு தூரமாக இருக்கிறதே என்று துரையே சாவியை எடுத்து நம்பிராஜனிடம் கொடுத்தார். தை மாதம் பால் காய்ச்சிக் குடி போனான். பிச்சைமணிதான் பாயசம் வைத்தார்.

மறுவருஷம் கிராம்பு விலை பேசத் துரை கொல்லத்துக்குப் போனார். நம்பிராஜனும் கூடப் போனான். துரை முதல் வகுப்பில், இவன் கடைசிப் பெட்டியில். புனலூரில் வண்டி நின்றதும், துரைக்குச் சோடா வாங்கிக் கொடுக்கலாம் என்று இறங்கி ஓடினான்.

முதல் வகுப்புப் பெட்டியருகே ஒரு பழக்காரி நின்றுகொண்டிருந்தாள். பழத்தை விற்கிற ஆளாகத் தெரியவில்லை. ஜன்னல் ஜன்னலாக முகம் பார்த்துக்கொண்டு வந்தவள் துரையைக் கண்டு அப்படியே நின்றுவிட்டிருந்தாள். தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ. நெற்றியில் பெரிய குங்குமம். கன்னம் ஒட்டிப்போய் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நம்பிராஜன் சோடாப் பாட்டிலோடு அப்படியே திரும்பிப் போகப் பார்த்தான்.

அதற்குள் அவள் அவனைப் பார்த்துவிட்டாள். "அண்ணாச்சி! இவுக நம்ம துரைதான? அவுகளைக் கூட்டிட்டுப் போன துரைதான? நீங்க கேளுங்க அண்ணாச்சி, எந்த ஊருன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் கொல்லம் வரைக்கும் தேடிட்டேன்."

"யார் இந்தப் பெண்? என்ன வேண்டுமாம்?" என்று துரை கேட்டார்.

"பைத்தியம், சார். ஸ்டேஷனிலேயே சுற்றுகிறவள்."

அவன் முகத்திலிருந்து என்ன புரிந்துகொண்டாளோ, அவள் அவனை விட்டுவிட்டுக் கூடையைக் கீழே வைத்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் மார்பைத் தொட்டுக் காட்டி, தாலியை எடுத்துக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சுத்தமாகச் சொன்னாள்:

"கான் வெஸ்ட். துரை, கான் வெஸ்ட்."

துரையின் முகம் மாறிற்று. அந்தப் பரதேசிப் பெண்ணின் வாயில் பட்டாளத்து வார்த்தை எப்படி வந்தது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு சாவுக்குக் காட்டவேண்டிய மரியாதைதான் அவருக்குத் தோன்றியது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். அவள் கண்ணைப் பார்த்து, தலையை ஒருமுறை கீழே தாழ்த்தி நிமிர்ந்தார். "ஐ ஆம் ஸாரி," என்றார்.

வண்டி ஊதியது. முருகம்மாள் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டிச் சிரித்தாள். நம்பிராஜன் தன் பெட்டியில் தொற்றி ஏறும்போது அவள் கூடவே ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, துரையே தலையாட்டிட்டாரு! நீங்க சொன்னது நெசந்தான். நான்தான் ஒங்களைச் சந்தேகப்பட்டுட்டேன், மனசுல வச்சிக்கிடாதீங்க. நல்லா இருப்பீங்க!"

பிளாட்பாரம் முடிகிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். கொல்லத்தில் இறங்கியபோது, அந்தப் பெண் யாரைப் பறிகொடுத்தவள் என்று துரை கேட்டார். பிள்ளையை என்று நம்பிராஜன் சொன்னான்.

கிராம்புக்கு நல்ல விலை பேசினார்கள். மறுநாள் திரும்பும்போது புனலூர் வருவதற்கு வெகு முன்பே நம்பிராஜன் ஜன்னல் பலகையை இறக்கிவிட்டான். எதிரே உட்கார்ந்திருந்த செட்டியார், காற்று வரட்டுமே, எதற்கு மூடுகிறீர் என்று கேட்டார். வெயில் முகத்தில் அடிக்கிறது என்றான். வெளியே மேகம் மூட்டம் போட்டு மழை வரப்பார்த்துக்கொண்டிருந்தது.